வயிற்றில் பிள்ளை, கையில் கொடி

2024 அக்டோபர் 27ஆம் தேதி விக்கிரவாண்டி அருகே வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகம் தன் முதல் மாநாட்டை நடத்தியது. பெரியார், காமராசர், அம்பேத்கர், வேலு நாச்சியார், அஞ்சலை அம்மாள் என்று ஐந்து பேரைக் கொள்கைத் தலைவர்களாக அறிவித்துத் திடலில் கட்-அவுட் வைத்தார்கள். முதல் நால்வருக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை. ஐந்தாமவர் யார் என்று அன்றிரவு தமிழ்நாடே கைபேசியில் தேடியது. கடலூர்க்காரர்களுக்கு அதில் சிறிது பெருமை, சிறிது வெட்கம். முதுநகரில் பிறந்த ஒரு பெண்ணை ஊருக்கு அறிமுகப்படுத்த ஒரு நடிகரின் கட்சி வர வேண்டியிருந்தது. வட மாவட்ட வாக்குகளுக்கான கணக்கு இது என்று தொலைக்காட்சி விவாதங்களில் பேசினார்கள். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அன்றிரவு தேடியவர்களுக்குக் கிடைத்த வாழ்க்கைக் குறிப்பைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

அந்தக் குறிப்பு எங்கே படித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மேடைப் பேச்சிலும் பள்ளி விழாக் கட்டுரைப் போட்டியிலும் விடுதலை நாள் சிறப்பிதழிலும் அதே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1890இல் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் பொதுவாழ்வுக்கு வந்தார். வீட்டையும் நிலத்தையும் விற்றுப் போராட்டத்துக்குச் செலவழித்தார். 1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த கர்னல் நீல் சிலையை அகற்றும் போராட்டத்தில் ஒன்பது வயது மகளோடு சிறை சென்றார். அந்த மகளைக் காந்தி தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று லீலாவதி என்று பெயர் மாற்றினார். பிறகு நிறைமாதக் கர்ப்பிணியாக வேலூர்ச் சிறை, பிரசவத்துக்கு ஜாமீன், பிள்ளை பிறந்த சில நாட்களில் கைக்குழந்தையோடு மீண்டும் சிறை. அந்தப் பிள்ளைக்கு ‘ஜெயில் வீரன்’ என்று பெயர். கடலூருக்கு வந்த காந்தி அவரைச் சந்திக்கக் கூடாது என்று அரசு தடை போட்டபோது பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ப் பார்த்தார். காந்தி அவரைத் தென்னாட்டின் ஜான்சி ராணி என்றார். மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். 1961இல் மறைந்தார்.

இதைக் கதையாகப் படிக்காமல் ஒரு பிரதியாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குழந்தை இருக்கிறது, அல்லது காந்தி இருக்கிறார். மகள், வயிற்றுப்பிள்ளை, கைக்குழந்தை. ஆசிரமம், சந்திப்பு, பட்டம். இவை இரண்டும் இல்லாத ஒரே செய்தி கடைசியில் வருகிறது. மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர். அதற்கு ஒரு வரி. பல கட்டுரைகளில் அரை வரி.

சொல்லப்பட்டவை பொய் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு சிறைக்குத் திரும்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் கேள்வி வேறு. ஒரு பெண் அரசியலுக்கு வந்தாள் என்பதை ஏற்றுக்கொள்ள நம் கதையாடலுக்கு ஏன் ஒரு குழந்தை தேவைப்படுகிறது? ஜான்சி ராணி என்ற பட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லட்சுமிபாய் என்றதும் நம் மனதில் எழுவது எது? குதிரை, வாள், முதுகில் கட்டிய பிள்ளை. பள்ளி மாறுவேடப் போட்டியில் ஜான்சி ராணி வேடம் போடும் சிறுமியின் முதுகில்கூட ஒரு பொம்மையைக் கட்டி அனுப்புகிறார்கள். போர்க்களத்திலும் அவள் தாய்தான் என்று அந்தப் பிள்ளை சாட்சி சொல்கிறது. வயிற்றில் பிள்ளையும் கையில் கொடியுமாக நின்ற அஞ்சலை அம்மாளுக்கு அந்தப் பட்டம் பொருந்தியதில் வியப்பில்லை. பட்டம் மரியாதைதான். ஆனால் அது ஒரு சட்டகமும்கூட. அதற்குள் அடங்காதது வெளியே விழுந்துவிடுகிறது.

வெளியே விழுந்தவற்றில் முதலாவது 1937. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இலேயே வந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் அதுதான் முதல். ஆனால் சொத்து இருந்தவர்களுக்கு மட்டுமே அது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் கணவனின் சொத்துத் தகுதியை வைத்தும் எழுத்தறிவை வைத்தும் அந்த வட்டத்தைச் சற்றே விரித்தது. அந்தச் சட்டத்தின்படி நடந்த 1937 தேர்தலில் அஞ்சலை அம்மாள் சட்டமன்றத்துக்குள் போனார். அதே ஆண்டு ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அரசு அமைந்தது. அதே ஆண்டு நீல் சிலை மவுண்ட் ரோட்டிலிருந்து பெயர்க்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது.

பத்து ஆண்டுகளுக்கு முன் எந்தச் சிலைக்காக மகளோடு சிறை சென்றாரோ, அந்தச் சிலையை அவர் உறுப்பினராக இருந்த அவையின் அரசு அகற்றியது. நீல் சிலைப் போராட்டத்தைப் பற்றி உருக்கமாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிறைக்கதவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலை என்ன ஆயிற்று என்றுகூடச் சொல்வதில்லை. சொன்னால் கதை தியாகத்தில் முடியாது, அதிகாரத்தில் முடியும். ஒரு பெண் தான் தொடங்கிய வேலையைப் பத்து ஆண்டுகள் கழித்து ஆளும் தரப்பில் உட்கார்ந்து முடிவுக்கு வரக் கண்டாள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காட்சிக்கு நம்மிடம் பட்டம் இல்லை.

இரண்டாவது, இதைவிடச் சங்கடமானது. 1938இல் அதே அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு நவம்பர் 13இல் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறைமலை அடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ.வெ.ரா.வை இனிப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானித்தது அந்த மாநாடுதான். (ஆண் பெண்ணுக்குப் பட்டம் தருவதே வழக்கம். இங்கே பெண்கள் கூடி ஒரு ஆணுக்குப் பட்டம் தந்தார்கள், அது நிலைத்தும்விட்டது. தந்தவர்களின் பெயர்களைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் இரண்டு பெயரைத் தாண்டுவோம்?) மறுநாள் டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் மறியல் செய்து சிறை சென்றார்கள். தம் சிறு குழந்தைகளோடு சிறை புகுந்த தாய் ஒருவரும் அவர்களில் இருந்தார். திராவிட இயக்க மேடைகளில் இன்றுவரை அந்தக் காட்சி சொல்லப்படுகிறது. எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள்: கைக்குழந்தையோடு சிறை சென்ற தாய்மார்கள். காங்கிரஸ் மேடையில் அஞ்சலை அம்மாளுக்குச் சொல்லும் அதே சொற்றொடர். கொடியின் நிறம் மட்டும் வேறு.

வெள்ளையர் சிறையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் இப்போது ஆளும் கட்சி வரிசையில் இருக்கிறார். அவருடைய கட்சியின் அரசு கைக்குழந்தையோடு வந்த பெண்களைச் சிறையில் அடைக்கிறது. அன்று அவர் என்ன நினைத்தார்? பேசினாரா, பேசாமல் இருந்தாரா? இரண்டில் எது நடந்திருந்தாலும் அது ஓர் அரசியல் நிலைப்பாடு. சட்டமன்ற விவாதங்கள் அச்சிட்ட தொகுதிகளாகவே இருக்கின்றன. தேட முடியாத இருட்டு ஒன்றுமில்லை. ஆனால் நான் படித்த எந்தக் கட்டுரையும், கேட்ட எந்த மேடைப் பேச்சும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தாய்க்கு நிலைப்பாடு கிடையாது, பாசம்தான் உண்டு. தாயாக்கிவிட்டால் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. பெண் தலைவரைத் தவறு செய்யக்கூடியவராக, கட்சிக்குக் கட்டுப்பட்டவராக, சில நேரம் கோழையாகக்கூடக் கற்பனை செய்ய மறுப்பது மரியாதை போலத் தோன்றும். அவரை ஆளாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்கு நேர்ந்ததை என் மாணவிகளிடம் விளக்குவது எளிது, ஏனென்றால் அந்தப் பெயர் அவர்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. அவர் காங்கிரஸில் தொடங்கி, சுயமரியாதை இயக்கத்துக்கு வந்து, 1949இல் அதிலிருந்தும் பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்துக்குப் போனவர். மூன்று முறையும் எதற்காகப் போனோம், எதற்காகப் பிரிந்தோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். அவர் பெயரை அரசு 1989இல் எதற்கு வைத்தது? ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டத்துக்கு. 2011க்குப் பிறகு அதோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. தாலி மறுப்புத் திருமணங்களை நடத்திய இயக்கத்தில் உழைத்த பெண்ணின் பெயரில் தாலிக்குத் தங்கம்! 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறி, கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நல்ல மாற்றம். பட்டப்படிப்பு படிக்கும் ஒரு பெண்ணின் செலவுக்கு அவர் பெயர் துணை நிற்பதை அவரே விரும்பியிருப்பார். ஆனால் கட்சிகள் மறந்த பெண்ணை நினைவுகூர எண்ணும்போது முதலில் கைக்கு வந்தது கல்யாணம்தான் என்பதை நாம் மறக்க வேண்டாம்.

அஞ்சலை அம்மாளின் வாய்க்காலுக்கு வருகிறேன். பரங்கிப்பேட்டைப் பக்கம் தீர்த்தாம்பாளையம் என்று ஒரு ஊர். பெயரில்தான் தீர்த்தம், குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்த ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அவர் வீராணம் கால்வாயிலிருந்து கிளை வெட்டச் செய்து தீர்வு கண்டார். அஞ்சலை வாய்க்கால் என்று அதைச் சொல்கிறார்கள். அவர் வாழ்வில் யாரும் தராமல் வந்த பெயர் இது ஒன்றுதான். காந்தி தரவில்லை, கட்சி தரவில்லை. தண்ணீர் எடுத்தவர்கள் சொல்லிச் சொல்லி நிலைத்தது.

வாய்க்கால் வெட்டுவது எளிய வேலை இல்லை. யார் நிலத்தின் வழியாகப் போகும், மேட்டுக்காரன் என்ன சொல்வான், கடைமடைக்கு எவ்வளவு மிஞ்சும், பொதுப்பணித்துறை எப்போது கோப்பை நகர்த்தும் என்று ஆயிரம் இருக்கிறது. டெல்டாவின் கடைமடையில் வாழ்கிற எங்களுக்கு இது தெரியும். ஒரு பெண் இதையெல்லாம் கடந்து ஒரு கிளைக் கால்வாயைக் கொண்டுவந்திருக்கிறார் என்றால் அங்கே மனுக்கள், அதிகாரிகள், பேரம், கோபம், பொறுமை எல்லாம் இருந்திருக்க வேண்டும். அரசியல் என்பது அதுதான். வீராணம் என்றால் கட்சி மேடைகளில் எழுபதுகளின் குழாய் விவகாரமும் சர்க்காரியா கமிஷனும் நினைவுக்கு வரும். 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகிறது என்பது நினைவுக்கு வரும். அந்த ஏரியோடு ஒரு பெண்ணின் சட்டமன்றப் பணி பிணைந்திருப்பது எந்தக் கட்சியின் மேடையிலும் எடுபடாது. கர்ப்பிணியாகச் சிறை சென்றதைச் சொன்னால் கூட்டம் உச்சுக்கொட்டும், கைதட்டும். மதகைப் பற்றிச் சொன்னால் எழுந்து டீ குடிக்கப் போய்விடும்.

இதே மண்ணில் உழைத்த, அதே 1890இல் பிறந்த இன்னொருவரோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை 1916இல் நிறுவிய சுவாமி சகஜானந்தர். அவரும் சட்டமன்றத்தில் நெடுங்காலம் இருந்தவர். அவரையும் நாடு மறந்துதான் கிடந்தது. தலித் அறிவாளர்கள் தேடி மீட்டார்கள். ரவிக்குமார் அவருடைய எழுத்தையும் பேச்சையும் தொகுத்தார். மீட்கப்பட்டபோது சகஜானந்தர் எப்படி வந்தார்? பேசியவராக, எழுதியவராக, பள்ளிக்கு நிதி கேட்டு வாதாடியவராக வந்தார். அவருடைய காவி உடையைப் பற்றி மட்டும் எழுதி யாரும் நிறுத்திவிடவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எழுதியவர்களுக்கு, தலைவரின் சொல்தான் சொத்து என்று தெரிந்திருந்தது. பெண்களின் வரலாற்றை எழுதப் புகுந்த நாம் இன்னும் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பழைய கதை என்று இதைத் தள்ள முடியவில்லை. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ எங்கள் மாவட்டத்துக் கதை. 1993இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தின் ராஜாக்கண்ணு காவல் நிலையத்தில் கொல்லப்பட்டதும், அவர் மனைவி பார்வதி நடத்திய வழக்கும்தான் அதன் மூலம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒருவர் கொல்லப்பட்டு, அவர் மனைவி பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். அந்தப் பெண்ணின் பெயராலேயே வழக்கைக் குறிப்பது அன்று வழக்கமாக இருந்தது. நான் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு வழக்குகளிலும் மார்க்சிஸ்ட் கட்சியினரும், முந்தையதில் மாதர் சங்கமும் நின்றார்கள் என்பது பதிவு செய்யப்பட வேண்டியது.

படத்தில் பார்வதி செங்கேணி ஆனார், குறவர் இருளர் ஆனார்கள். வழக்கு நடந்தபோது பார்வதிக்கு ஏற்கனவே பிள்ளைகள் இருந்தார்கள்; அவரையும் காவல் நிலையத்தில் அடித்தார்கள். செங்கேணியைப் படம் நெடுகப் பார்வையாளர் காண்பது வயிறு தள்ளிய நிலையில். மீண்டும் அதே வயிறு. லிஜோமோள் ஜோஸ் நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆட்கொணர்வு மனு போட்டவர் ஒரு பெண், கட்சி அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தவர் ஒரு பெண் என்பதை அந்த வயிறு மறைத்துக்கொண்டே இருக்கிறது. சட்டம் பேசுவதற்குக் கதாநாயகன் இருக்கிறான், இவள் சுமப்பதற்கு இருக்கிறாள். ஒரே ஒரு காட்சி தப்பித்தது. வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம் என்று வரும் காவல் வண்டியில் ஏறாமல் மகளோடு நடக்கிறாள், வண்டி பின்னால் ஊர்ந்து வருகிறது. அங்கே அவள் யாருடைய இரக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. தனக்கு வந்த அதிகாரத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று அளந்து பார்க்கிறாள். படம் முழுவதும் இந்தத் துணிச்சலில் எடுக்கப்பட்டிருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும். படம் வந்த வாரங்களில் இங்கே கட்சிகள் அடித்துக்கொண்டது என்னவோ சுவரில் தொங்கிய ஒரு நாட்காட்டியைப் பற்றி. செங்கேணியைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்தி பறித்த ஃபேனி லூ ஹேமர், கறுப்பர் வாக்குரிமைக்காக உழைத்து, 1963இல் வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் குழுமுன் அந்த அடியைப் பற்றிச் சாட்சி சொன்னார். அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டி நேரலையைத் திசைதிருப்பினார். ஆனாலும் அன்றிரவுச் செய்தியில் அந்தப் பேச்சு நாடெங்கும் ஒளிபரப்பானது. வெள்ளையர் மட்டுமே நிறைந்த மிசிசிப்பிக் குழுவுக்கு மாற்றாக வந்திருந்த ஹேமரின் தரப்புக்குக் கட்சி இரண்டே இரண்டு இடம் தருவதாகச் சொன்னது. அவர்கள் ஏற்கவில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். 1969இல் அவர் தம் ஊர்ப் பக்கம் கூட்டுறவுப் பண்ணை தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்குப் பெண் பன்றி கொடுத்து, ஈன்ற குட்டிகளில் சிலவற்றைத் திருப்பி வாங்கி அடுத்த குடும்பத்துக்குத் தரும் பன்றி வங்கி நடத்தினார். அடி வாங்கிய உடம்பு நினைவில் நின்ற அளவுக்குப் பன்றி வங்கி நிற்கவில்லை. அஞ்சலை வாய்க்காலுக்கும் அந்தப் பன்றிகளுக்கும் ஒரே கதிதான்.

2021 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 12 இடங்களில்தான் பெண்கள் வென்றார்கள். மூன்றில் ஒரு பங்கு தரும் சட்டத் திருத்தம் 2023இல் நிறைவேறியது. கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் சொல்லித் தள்ளி வைத்திருக்கிறார்கள். உள்ளாட்சியில் மட்டும் பாதி இடம் நமக்கு. அந்தப் பாதி எப்படி இருக்கிறது என்பதற்கு அஞ்சலை அம்மாளின் வாய்க்கால் ஓடும் அதே புவனகிரிப் பக்கத்திலிருந்தே ஒரு படம் வந்தது. 2020இல் தெற்குத்திட்டை ஊராட்சியின் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். படம் பரவியது, வழக்குப் பதிந்தார்கள், எல்லாக் கட்சிகளும் கண்டித்தன. கண்டிக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தப் படத்தையும் நாம் வேலூர்ச் சிறைக் கதையைப் பார்த்தது போலவே பார்த்தோம். தரையையும் நாற்காலியையும் பார்த்தோம். அவர் ஏன் அங்கே இருந்தார் என்று பார்க்கவில்லை. அது ஒரு ஊராட்சிக் கூட்டம். பொருள் நிரல் என்று ஒன்று இருந்திருக்கும். குடிநீர்க் குழாயோ தெருவிளக்கோ சுடுகாட்டுப் பாதையோ நூறு நாள் வேலையோ, ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசவும் கையெழுத்துப் போடவும் அவர் வந்திருக்கிறார். தீர்மானப் புத்தகத்தில் அன்று என்ன எழுதினார்கள் என்று அந்தப் படத்தைப் பகிர்ந்த எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.